ஒலிக் கருவிகளின் மின்காந்தத் தாங்குதிறன்: சோதனையை ஷீல்டிலிருந்து தொடங்குவோம்

ஒரு மிக்சர் மின்காந்தத் தாங்குதிறன் சோதனையில், அதாவது சுற்றிலுமுள்ள ரேடியோ அலைகளால் கெடாமல் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையில், தேறியது என்று அதன் சான்றிதழ் சொல்கிறது. அதே மிக்சருக்கு அருகில் வைத்திருக்கும் கைபேசிக்கு அழைப்பு வரும்போது, மணி அடிப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியில் விட்டுவிட்டு ஒரு கரகரப்பு எழுகிறது. சபாவிலோ கல்யாண மண்டபத்திலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ வேலை செய்த எவருக்கும் இது பழகிய ஒலிதான். சான்றிதழும் உண்மை, கரகரப்பும் உண்மை. சோதனைக் கூடம் எதை அளக்கிறது, எந்த இடத்தில் அளக்காமல் நின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இவ்விரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடிகிறது என்பது விளங்கும். ஒலிக் கருவிகளைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதுமே என் தொழில். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: ஒலிக் கருவிக்கு மிக அவசியமான தாங்குதிறன் சோதனையைக் கேபிளின் ஷீல்டு (உள்கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வந்து இணையும் இடத்தில், மேசை மேலேயே செய்துவிடலாம். பெரிய அறைக்குள் நடக்கும் சோதனை அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

முதலில், ரேடியோ அலை எப்படிக் காதுக்கு எட்டுகிறது என்பதைப் பார்ப்போம். 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்று மிக்சருக்குள் புகுந்து, அப்படியே வெளியேறிவிட்டால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை, ஏனெனில் அது கேட்கும் எல்லைக்கு வெகு தூரம் மேலே இருக்கிறது. அந்த அலை உள்ளே ஒரு குறைகடத்திச் சந்தியை, பெரும்பாலும் முதல் பெருக்கியின் பேஸ்-எமிட்டர் சந்தியையோ பாதுகாப்புக்காக வைத்த டையோடையோ, அடையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அந்தச் சந்தியில் ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இல்லாததால், அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்வதில்லை. மிஞ்சுகிற வித்தியாசம், அலையின் வீச்சு கூடக் கூடக் கூடி, குறையக் குறையக் குறையும் ஒரு சிறு மின்னழுத்தமாக நிற்கிறது. கிரிஸ்டல் ரேடியோவில் நாம் விரும்பிச் செய்துகொண்ட பண்பிறக்கம் (அலையின் ஏற்ற இறக்கத்திலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பது) இங்கே நாம் விரும்பாமலே நடக்கிறது. இரண்டாம் தலைமுறை ஜிஎஸ்எம் கைபேசி 4.615 மில்லிவினாடி நீளமுள்ள ஒரு சட்டத்தை எட்டாகப் பகுத்து, அதில் ஒரு பங்கில், அதாவது 577 மைக்ரோவினாடிக்கு மட்டும் அலையை அனுப்பிவிட்டு அடுத்த சட்டம் வரை அடங்கிவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 217 முறை இப்படி எழுந்து அடங்கும் அலையின் உருவம்தான் பண்பிறக்கமாகி, 217 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாக ஒலிபெருக்கியில் வந்து சேர்கிறது. பண்பலை ஒலிபரப்பின் வீச்சு மாறாமல் நிலையாக இருப்பதால், அருகில் கோபுரம் இருந்தாலும் அது பெரும்பாலும் காதுக்கு எட்டுவதில்லை. மத்திய அலை நிலையமோ தன் பாட்டையும் செய்தியையும் முழுதாகக் கொண்டுவந்து கொட்டும்.

இந்தப் பண்பிறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சோதனை செய்பவர் அதை மறக்கவே கூடாது. சிறிய அலைகளுக்கு, பண்பிறங்கி வரும் ஒலி அலையின் வீச்சினுடைய இருமடியைப் பின்பற்றுகிறது. ரேடியோ அலை 10 டெசிபல் ஏறினால், கேட்கும் இரைச்சல் 20 டெசிபல் ஏறும். இதன் விளைவுகள் பல. ஒரே புலத்தில் வைத்த இரண்டு மைக்குகளில் ஒன்று மற்றதைவிட 40 டெசிபல் அதிகமாக இரைந்தால், அவற்றின் தாங்குதிறன் வேறுபாடு 20 டெசிபல் மட்டுமே. மறுபுறம், சோதனைக் கூடத்தில் அமைதியாக இருந்த கருவி, அதைவிடச் சற்றே வலுவான புலத்துக்குள் போனதும் எதிர்பாராத அளவுக்குக் கத்துவதற்கும் இதுவே காரணம். அளப்பவருக்கு இதிலே ஓர் உதவியும் இருக்கிறது: சோதனை அலையை உண்டாக்கும் ஜெனரேட்டரை 1 டெசிபல் உயர்த்தும்போது வெளியீட்டில் தெரியும் தொனி 2 டெசிபல் உயர்ந்தால், அது கருவிக்குள் நடக்கும் பண்பிறக்கம்தான் என்று நம்பலாம். 1 டெசிபல்தான் உயர்கிறது என்றால், ஜெனரேட்டருக்குள் இருந்து அலையின் வீச்சை ஏற்றி இறக்கும் பண்பேற்றத் தொனியே ஏதோ ஒரு வழியில் கசிந்து அளவுக் கருவியை அடைகிறதா என்று முதலில் தேட வேண்டும்.

இப்போது சோதனைக் கூடத்துக்குள் போவோம். சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் போன்ற இடங்களில் அலை உறிஞ்சும் அறைகள் இருக்கின்றன. அங்கே பின்பற்றப்படும் முறைகளில், கதிர்வீச்சுப் புலத்துக்கான அடிப்படை நெறி, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி வெளியிட்ட ஐஇசி 61000-4-3. கருவி ஒரு மேசையில் வைக்கப்படுகிறது. பொதுவாக மூன்று மீட்டர் தள்ளி ஓர் ஆன்டெனா அதை நோக்கி நிற்கிறது. 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேல் நோக்கி, 1 கிலோஹெர்ட்ஸ் தொனியால் 80 விழுக்காடு வீச்சுப் பண்பேற்றம் செய்த அலை அனுப்பப்படுகிறது. கருவி இல்லாத நிலையில், 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் பரப்பில் 16 புள்ளிகளில் புலத்தை அளந்து, அவற்றுள் 12 புள்ளிகளாவது 6 டெசிபல் வரம்புக்குள் சீராக இருப்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்கிறார்கள். இந்த முன்னளவு உண்மையிலேயே மதிக்கத்தக்க உழைப்பு. புலம் சீராக இல்லாத அறையில் எடுத்த அளவை இன்னொரு அறையில் எவராலும் திரும்பப் பெற முடியாது.

அதிர்வெண் ஒவ்வொரு படியிலும் 1 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 கிகாஹெர்ட்ஸ் வரை போவதற்கு 254 படிகள் வேண்டும். ஆன்டெனாவைக் கிடையாகவும் செங்குத்தாகவும் வைத்து, கருவியின் நான்கு பக்கங்களையும் திருப்பிக் காட்டினால் மொத்தம் 2,032 நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கருவி எதிர்வினை காட்டத் தேவையான நேரம் காத்திருக்க வேண்டும். நெறி குறைந்தது அரை வினாடியைக் கேட்கிறது. ஒலிக் கருவிக்கு அரை வினாடி போதாது என்பது என் கருத்து, ஏனெனில் இரைச்சலுக்குள் புதைந்த ஒரு மெல்லிய 1 கிலோஹெர்ட்ஸ் தொனியைப் பிரித்தெடுக்கும் குறும்பட்டை வடிகட்டி நிலைபெறவே நேரம் எடுக்கும். மூன்று வினாடி என்று வைத்தால் ஒரே ஓர் அமைப்புக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. கெயினை (பெருக்கும் அளவை) மாற்றி, கேபிளை மாற்றி, இன்னொரு உள்ளீட்டை மாற்றிச் சோதிக்க எவருக்கும் பொறுமையும் பணமும் மிஞ்சுவதில்லை. அறைச் சோதனையின் மிகப் பெரிய குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது ஒரே ஓர் அமைப்பை மட்டும் பார்க்கிறது. கருவியோ மேடைக்கு மேடை வேறு வேறு அமைப்பில் வாழ்கிறது.

புலத்தின் அளவையும் பார்க்க வேண்டும். பல்லூடகக் கருவிகளின் தாங்குதிறனுக்கென, ரேடியோ இடையூறுகளுக்கான ஐஇசி குழுவான சிஸ்பர் எழுதிய சிஸ்பர் 35 நெறி, 2016-இல் வெளிவந்து, அதுவரை இருந்த சிஸ்பர் 20, சிஸ்பர் 24 ஆகிய இரண்டின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. அது கேட்கும் புலம் மீட்டருக்கு 3 வோல்ட். பண்பேற்றத்தின் உச்சியில் 5.4 வோல்ட். ஜிஎஸ்எம் கைபேசி 900 மெகாஹெர்ட்ஸில் தன் துடிப்பின்போது அதிகபட்சமாக 2 வாட் வரை அனுப்பலாம். எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாக எளிமையாகக் கணக்கிட்டால்கூட, ஒரு மீட்டர் தொலைவில் அது 7.7 வோல்ட், 30 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 26 வோல்ட். சோதனையின் உச்சப் புலத்தைவிட இது சுமார் 14 டெசிபல் அதிகம். இருமடிக் கணக்கின்படி, இரைச்சல் ஏறக்குறைய 27 டெசிபல் உயரும். மிக்சரின் மேல் கைபேசியை வைக்கும் பழக்கம் இருக்கும் வரை, மீட்டருக்கு 3 வோல்ட் என்பது மேடையின் நிலையைக் காட்டும் எண் ஆகாது. மிக அருகில் வைத்த அலைபரப்பிகளுக்கென்றே ஐஇசி 61000-4-39 என்ற நெறி 2017-இல் வந்திருக்கிறது. மைக், தலையணிக் கருவி, பெல்ட் பேக் ஆகியவற்றைச் செய்பவர்கள் அதைத் தாமாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

80 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் வேலை நின்றுவிடுகிறது. அலைநீளம் கருவியைவிட மிகப் பெரிதாகிவிடுவதால், அங்கே அலையைப் பிடிக்கும் ஆன்டெனா கருவியின் பெட்டி அல்ல, அதனோடு இணைந்த கேபிள்தான். ஆகவே ஐஇசி 61000-4-6 என்ற நெறி 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை, அலையை நேராகக் கேபிளுக்குள் செலுத்தச் சொல்கிறது. செலுத்தும் இணைப்பு வலையமைப்பின் பொதுமுறை மின்மறுப்பு, அதாவது கேபிளின் எல்லாக் கம்பிகளிலும் சேர்ந்து ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்துக்கு அது தரும் தடை, 150 ஓம்; மறுமுனையும் 150 ஓம் என்று கொண்டால், 3 வோல்ட் அளவில் ஓடும் மின்னோட்டம் 10 மில்லியாம்பியர். ஷீல்டு உள்ள கேபிளுக்கு அந்த மின்னோட்டம் ஷீல்டின் மீதே செலுத்தப்படுகிறது. கருவிக்கு என்ன நேர்கிறது என்பதை நான் அறிந்த வரையில் மிக நேர்மையாகக் காட்டும் சோதனை இதுதான். மத்திய அலை நிலையங்களுக்கு அருகில் வாழும் கருவிகளுக்கு இது இன்றியமையாதது. அகில இந்திய வானொலியின் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி ஒன்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, எளிய செங்குத்து ஆன்டெனாவுக்கான கணக்கின்படி, மீட்டருக்கு நான்கு வோல்ட்டுக்கு மேல் புலம் இருக்கும். அறைச் சோதனை அந்த அதிர்வெண்ணைத் தொடுவதே இல்லை.

ஆனால் இங்கும் சிஸ்பர் 35 ஒரு சலுகை தருகிறது. 10 மெகாஹெர்ட்ஸ் வரை 3 வோல்ட் கேட்கும் அது, 30 மெகாஹெர்ட்ஸுக்குள் அளவைப் படிப்படியாக 1 வோல்ட்டுக்கு இறக்கி, அங்கிருந்து 80 மெகாஹெர்ட்ஸ் வரை 1 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்கிறது. ஒலிக் கேபிள்களின் நீளத்தை எண்ணிப் பார்த்தால் இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 3 மீட்டர் கேபிள் கால் அலைநீளமாவது 25 மெகாஹெர்ட்ஸில். 1 மீட்டர் கேபிள் 75 மெகாஹெர்ட்ஸில். அதாவது, மேடையில் புழங்கும் குட்டைக் கேபிள்கள் மிகத் திறமையாக அலையைப் பிடிக்கும் அதே பட்டையில்தான் சோதனையின் கை தளர்கிறது. மேலும், 3 மீட்டருக்கு மேற்பட்ட கேபிளை இணைக்கலாம் என்று உற்பத்தியாளர் அறிவிக்கும் இணைப்புகளுக்கே இந்தச் சோதனை பொருந்தும் என்பதால், தலையணிக் கருவியின் கேபிள் போன்றவை முற்றிலும் தப்பித்துவிடுகின்றன.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மைக் கேபிளின் முனையில் வரும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் இணைப்பின் முதல் பின்னில் கேபிளின் ஷீல்டு வந்து சேர்கிறது. அந்தப் பின் நேராக, மிகக் குறுகிய வழியில், உலோகப் பெட்டியோடு இணைந்திருந்தால் ஷீல்டில் வரும் மின்னோட்டம் பெட்டியின் வெளிப்புறத்தோடு போய்விடும். பல கருவிகளில் அப்படி இருப்பதில்லை. இணைப்பை பிசிபி எனும் மின்சுற்றுப் பலகையின் மேல் பற்றவைத்து, முதல் பின்னை அந்தப் பலகையின் ஆடியோ கிரவுண்டுத் தடத்தோடு (ஒலிச் சுற்று தன் மின்னழுத்தத்தை ஒப்பிட்டுக்கொள்ளும் பொதுத் தடம்) சேர்த்து, அந்தத் தடம் எங்கெங்கோ சுற்றி வந்து கடைசியில் ஓர் இடத்தில் பெட்டியைத் தொடும்படி விட்டுவிடுகிறார்கள். அப்போது ஷீல்டின் மின்னோட்டமும் ஒலியின் கிரவுண்டும் ஒரே செம்புத் தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் அங்குலத் தடத்தின் மின்தூண்டல் எண் சுமார் 20 நானோஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அது தரும் தடை ஒன்றுமே இல்லை. 100 மெகாஹெர்ட்ஸில் 12 ஓமுக்கு மேல். 900 மெகாஹெர்ட்ஸில் 110 ஓமைத் தாண்டுகிறது. அந்தத் தடத்தில் விழும் ரேடியோ மின்னழுத்தம் முழுவதும் முதல் பெருக்கியின் கிரவுண்டுக்கும் உள்ளீட்டுக்கும் இடையே போய் நிற்கிறது. இணைப்பு சமநிலையானது (ஒரே ஒலியை இரு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி, வித்தியாசத்தை மட்டும் எடுப்பது), ஆகவே இரைச்சல் தானாகக் கழிந்துவிடும் என்று நம்புவதில் பயனில்லை, ஏனெனில் சமநிலைப் பெருக்கி ஒன்றையொன்று கழிப்பதற்கு முன்பே பண்பிறக்கம் முடிந்துவிடுகிறது.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் நீல் மன்சி. அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் கழகமான ஏஇஎஸ், தன் ஆய்விதழின் ஜூன் 1995 இதழை ஷீல்டுக்கும் கிரவுண்டுக்கும் என்றே ஒதுக்கியது. அதில் மன்சி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தக் கோளாறு ‘பின் 1 சிக்கல்’ என்ற பெயரிலேயே உலகெங்கும் அறியப்பட்டது. அதே இதழில் ஜான் விண்ட் என்பவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு மிக எளிய சோதனையைத் தந்தார். பெரிய செலவு எதுவும் இல்லை. கேட்கும் அதிர்வெண்ணிலேயே, அதாவது மின்வலையின் ஹம் என்னும் 50 ஹெர்ட்ஸ் முனகலையே, முதல் பின்னுக்கும் பெட்டிக்கும் இடையே வேண்டுமென்றே செலுத்தி, வெளியீட்டில் அது கேட்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. இன்று வரை இதைவிடப் பயனுள்ள ஒரு தாங்குதிறன் சோதனையை, செலவையும் நேரத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், நான் கண்டதில்லை.

என் மேசையில் இதை இப்படிச் செய்கிறேன். நன்கு தனிமைப்படுத்தப்பட்ட 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் இரண்டாம் சுற்றோடு 120 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால் 100 மில்லியாம்பியர் கிடைக்கும்; மின்தடையில் 1.2 வாட் வெப்பமாகும் என்பதால் 5 வாட் தாங்கும் மின்தடையைப் போட வேண்டும். மின்வலையிலிருந்து நேராக எடுக்கும் எந்தக் குறுக்குவழியும் உயிருக்கு ஆபத்து, அதை எவரும் முயலவே கூடாது. கருவியை இயக்கி, சோதிக்கும் உள்ளீட்டில் இரண்டாம், மூன்றாம் பின்களுக்கு இடையே 150 ஓம் மின்தடையை இட்டு, கெயினை வழக்கமான வேலைக்கு ஏற்ற அளவில் வைத்து, முதலில் வெளியீட்டின் இரைச்சலைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு ஒரு முனையை முதல் பின்னுக்கும் மறுமுனையை வெற்று உலோகப் பெட்டிக்கும் கொடுக்கிறேன். நல்ல கருவியில் ஒரு மாற்றமும் தெரியாது. சிக்கல் உள்ள கருவியில் ஹம் எழும். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனெனில் ஒரே மிக்சரில் மைக் உள்ளீடுகள் நன்றாகவும் ஆக்சிலரி வெளியீடுகள் மோசமாகவும் இருப்பது சாதாரணம். ஓர் உள்ளீட்டின் முதல் பின்னிலிருந்து ஒரு வெளியீட்டின் முதல் பின்னுக்கும் செலுத்திப் பார்ப்பது நல்லது. மேடையில் ஷீல்டின் மின்னோட்டம் அப்படித்தான் ஒரு கேபிளில் நுழைந்து இன்னொன்றின் வழியே வெளியேறுகிறது.

இது ஹம்முக்கான சோதனை, ரேடியோ அலைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். 50 ஹெர்ட்ஸில் தேறாத கருவி ரேடியோ அதிர்வெண்ணிலும் தேறாது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 50 ஹெர்ட்ஸில் தேறியது ரேடியோவில் தேறும் என்று சொல்ல முடியாது; முதல் பின்னிலிருந்து பெட்டிக்கு ஐந்து சென்டிமீட்டர் வயர் இருந்தால் ஹம்முக்கு அது நேரடி இணைப்பு, கைபேசி அலைக்கோ அது இணைப்பே அல்ல. இந்த இடைவெளியை நிரப்பியவர் ஜிம் பிரவுன். அவரும் டேவிட் ஜோசப்சனும் சேர்ந்து, மின்தேக்கி மைக்குகள் ரேடியோ அலையால் தாக்கப்படுவதைப் பற்றி 2003-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏஇஎஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தார்கள். அதே ஆண்டு நியூயார்க் மாநாட்டில், முதல் பின்னில் ரேடியோ அலையையே செலுத்திச் சோதிக்கும் முறையைப் பிரவுன் விளக்கினார். விண்டின் டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிக்னல் ஜெனரேட்டர். அதன் நடுக்கம்பி முதல் பின்னுக்கு, வெளியுறை எக்ஸ்எல்ஆர் கூட்டின் உலோகத்துக்கு. இணைக்கும் கம்பிகள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நாம் அளப்பது நம் சொந்தக் கம்பியின் மின்தூண்டலைத்தான்.

ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ், 80 விழுக்காடு பண்பேற்றம் வைத்து, அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே வெளியீட்டை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தால், சிக்கல் உள்ள கருவியில் 1 கிலோஹெர்ட்ஸ் கோடு சில அதிர்வெண்களில் மட்டும் திடீரென்று எழும்பும். உள்ளே இருக்கும் தடத்தின் நீளம் எங்கே அதிர்வுக்கு வருகிறதோ அங்கே அது எழும்புகிறது; எட்டு சென்டிமீட்டர் தடம் 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறையக் கால் அலைநீளம். உச்சி தெரியும் இடத்தில் நின்று, 10 டெசிபல் இறக்கி, 20 டெசிபல் இறங்குகிறதா என்று சரிபார்க்கிறேன். இந்த முழு வேலையும் ஓர் உள்ளீட்டுக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அறையின் வாடகையும் வேண்டாம், பெரிய பெருக்கியும் வேண்டாம், அலையை ஊருக்குள் பரப்பும் குற்றமும் இல்லை. வடிவமைப்புக் கட்டத்தில், பிசிபி இன்னும் மாற்றக்கூடிய நிலையில் இருக்கும்போதே, இதைச் செய்து முடித்துவிடலாம். ஏஇஎஸ் 2005-இல் வெளியிட்ட ஏஇஎஸ்48 நெறி, ஷீல்டுக்கான பின்னை மிகக் குறுகிய வழியில் பெட்டியோடு இணைக்கச் சொல்கிறது. அதைப் பின்பற்றிய கருவியில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. செலுத்திய அலை நேராகப் பெட்டியில் குறுக்குச்சுற்றாகிவிடும்.

மைக்கைச் சோதிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். மின்தேக்கி மைக்குக்குக் கேபிள் வழியே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தேவை. அதைத் தரும் முன்பெருக்கியும் அதே ரேடியோ அலையைப் பண்பிறக்கம் செய்யக்கூடும். ஆகவே மைக்குக்கும் முன்பெருக்கிக்கும் இடையே ஃபெரைட் சுற்றுகளைப் போட்டு அலையைத் தடுத்துவிட்டு, பிறகு மைக்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் உலோகக் கூட்டுக்குள் அடைத்த 150 ஓம் மின்தடையை வைத்து அதே சோதனையை ஒரு முறை நடத்த வேண்டும். அப்போதும் 1 கிலோஹெர்ட்ஸ் தெரிந்தால், இரைவது நம் அளவுச் சங்கிலி. இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத எந்த அறிக்கையையும் நான் ஏற்பதில்லை. அறைக்குள்ளும் இதே கவனம் பொருந்தும். ஒலிபெருக்கியின் ஒலியை அளக்க அறைக்குள் ஒரு மைக்கை வைத்தால் அந்த மைக்கும் புலத்தில் மூழ்கும்; ஆகவே பிளாஸ்டிக் குழாய் வழியாக ஒலியை மட்டும் வெளியே கொண்டுவந்து, வெளியே உள்ள மைக்கால் அளப்பதே வழக்கம்.

உள்ளீட்டைத் திறந்தபடி விட்டுச் சோதிப்பதும், கெயினைக் குறைத்து வைத்துச் சோதிப்பதும் நான் அடிக்கடி காணும் பலவீனங்கள். மைக் உள்ளீட்டில் 20 டெசிபல் கெயினில் எடுத்த அமைதி, 60 டெசிபலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது, ஏனெனில் பண்பிறக்கம் முதல் கட்டத்திலேயே நிகழ்ந்து, அதன் பிறகான கெயின் முழுவதும் அதன் மேல் ஏறுகிறது.

தேர்ச்சியை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் நெறிகள் மிகவும் தளர்ந்திருக்கின்றன. பொதுவாக மூன்று நிலைகள்: சோதனை நடக்கும்போதும் கருவி தன் வேலையைச் செய்துகொண்டே இருப்பது ஏ, சோதனை முடிந்ததும் தானாக மீள்வது பி, இயக்குபவர் கைவைத்தால் மீள்வது சி. நிலைமின் வெடிப்புக்கும் மின்வலையில் வரும் துடிப்புகளுக்கும் பி போதும், ஒரு டிக் ஒலியை மன்னித்துவிடலாம். தொடர்ந்து வரும் ரேடியோ அலைக்கு ஏ வேண்டும். ஆனால் அந்த ஏ நிலையில் எவ்வளவு தரக்குறைவை ஏற்கலாம் என்பதில் உற்பத்தியாளரின் அறிவிப்புக்கு இடம் விடப்படும்போது, சாதாரணக் கேட்பவர் பொறுக்கக்கூடிய இரைச்சலும் ஒலிப்பதிவுப் பொறியாளர் பொறுக்கக்கூடிய இரைச்சலும் ஒரே பெயரில் தேர்ச்சி பெற்றுவிடுகின்றன.

இந்த விஷயத்தில் காது கேட்கும் கருவிகளின் துறை நமக்கு வெகு முன்னால் இருக்கிறது. ஐஇசி 60118-13 நெறி, ரேடியோ அலையால் எழும் இரைச்சலை வெளியீட்டில் அளந்து, கெயினைக் கழித்து, உள்ளீட்டில் எத்தனை டெசிபல் ஒலி வந்திருந்தால் அதே இரைச்சல் கேட்டிருக்கும் என்று மாற்றி எழுதச் சொல்கிறது. அந்த எண் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது. கெயின் கூட்டிய கருவிக்குத் தண்டனையும் இல்லை, குறைத்த கருவிக்குச் சலுகையும் இல்லை. மைக் முன்பெருக்கிகளுக்கும் இதே வழியில், உள்ளீட்டுக்குச் சமமான இரைச்சலாக எழுதும் முறை கட்டாயமாகியிருந்தால், சான்றிதழுக்கும் மேடைக்கும் இடையிலான இடைவெளி பெருமளவு சுருங்கியிருக்கும்.

பழைய ஐரோப்பிய நெறியான இஎன் 55103-2, தொழில்முறை ஒலி, ஒளிக் கருவிகளுக்கென்றே 1996-இல் எழுதப்பட்டது. அது வீடு, வணிக வளாகம், திறந்தவெளி, கட்டுப்படுத்தப்பட்ட ஸ்டுடியோ, கனரகத் தொழிற்சாலை எனச் சூழலை ஐந்தாகப் பிரித்தது. 50 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான காந்தப் புலத்தில் கருவியை வைத்துப் பார்க்கவும், அதே எல்லையில் சமநிலை இணைப்புகளின் மீது பொதுமுறை மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்க்கவும் சொன்னது. மேடை விளக்குகளின் டிம்மர் கேபிளும் மைக் கேபிளும் ஒரே பள்ளத்தில் ஓடும் அரங்குகளை அறிந்தவர்களே அந்தச் சோதனைகளை எழுதியிருக்க வேண்டும். சிஸ்பர் 35-ஐ ஒட்டி எழுதப்பட்ட இஎன் 55035 அதன் இடத்தை எடுத்துக்கொண்டபோது, கணினியும் தொலைக்காட்சியும் மிக்சரும் ஒரே கூரையின் கீழ் வந்தன. இந்த இழப்பை நான் பெரிதாகவே கருதுகிறேன். பழைய நெறியின் அந்த இரண்டு சோதனைகளையும் இன்றும் என் மேசையில் தொடர்கிறேன்.

அலை எழுப்பும் சாதனங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்தியாவில் இரண்டாம் தலைமுறைச் சேவை இன்னும் நடப்பில் இருப்பதால் 217 ஹெர்ட்ஸ் கரகரப்பு நம்மை விட்டுப் போகவில்லை. 2022 அக்டோபரில் இங்கே தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவை 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்புதலுக்கும் பெறுதலுக்கும் ஒரே அதிர்வெண்ணை நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறது. ஆகவே அதன் கைபேசியும் துடிப்பாகவே அனுப்புகிறது. வைஃபை திசைவி 102.4 மில்லிவினாடிக்கு ஒரு முறை தன் அறிவிப்பைத் துடிப்பாக வெளியிடுகிறது. இவை எவற்றின் உருவமும் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை அல்ல. ஒப்பிடுவதற்கு 1 கிலோஹெர்ட்ஸ் பண்பேற்றமே சிறந்தது, ஏனெனில் ஒரே ஒரு கோட்டை இரைச்சலுக்குள்ளிருந்து எடுப்பது எளிது. ஆனால் அதில் கண்டுபிடித்த மோசமான அதிர்வெண்களில் மட்டும், ஜெனரேட்டரைத் துடிப்புப் பண்பேற்றத்துக்கு மாற்றி, எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் அலை வரும்படி 217 ஹெர்ட்ஸில் ஒரு முறை காதாலும் கேட்டுவிடுவது என் வழக்கம். எண்ணில் சிறிதாகத் தெரிந்த ஒன்று காதுக்கு எவ்வளவு உறுத்துகிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

அறிக்கையில் நான் எழுதுவது தேறியது, தேறவில்லை என்ற சொல்லை அல்ல. உள்ளீட்டுக்கு மாற்றிய 1 கிலோஹெர்ட்ஸ் தொனி, கருவியின் சொந்த இரைச்சலுக்குச் சமமாவதற்கு எத்தனை டெசிபல் ரேடியோ அலையைச் செலுத்த வேண்டியிருந்தது என்பதை, மிக மோசமான மூன்று அதிர்வெண்களோடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே எழுதுகிறேன். இருமடிக் கணக்கு தெரிந்திருப்பதால், எந்தப் புலத்தில் எவ்வளவு இரையும் என்பதை அந்த ஓர் எண்ணிலிருந்தே வாங்குபவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். கெயின், உள்ளீட்டில் இட்ட மின்தடை, செலுத்திய கம்பியின் நீளம், வடிகட்டியின் பட்டை அகலம் ஆகிய நான்கும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வேறொருவர் அதே அளவைத் திரும்ப எடுக்க முடியாது.